யாருதும் இல்லாத மேடு

பழவேற்காடு ஏரிக்கரை மேட்டில் கருவாடு காயப்போட்டுப் பிழைப்பவள் செங்கம்மாள். அந்த மணலும் வெயிலும் போனால் அவள் வீட்டு அடுப்பும் அணைந்த மாதிரிதான். எழுபத்திரண்டாம் வருஷக் கோடையில் அந்த மேட்டின்மேல்தான் மெட்ராஸ் கம்பெனிக்காரன் கண்ணை வைத்தான்.

ஏற்கெனவே தென்கோடியில் பங்களா வரிசை கட்டி, கக்கூஸ் குழாயை நேரே ஏரிக்குள் இறக்கிவிட்ட புண்ணியவான் அவன். மெட்ராஸ் பக்கம் புதிதாக முளைத்த பாக்டரி முதலாளிகள் சனி, ஞாயிறு வந்து குடித்துக் கூத்தடிப்பார்கள். திங்கட்கிழமை வலையில் மீனுக்கு முன்னால் பாட்டில் ஏறும். கருவாட்டு நாற்றம் ஆகவில்லையென்று மூக்கைப் பொத்துகிற ஜென்மங்கள், தங்கள் மலத்தை இவர்கள் குழம்பில் கலந்துவிட்டுப் போனார்கள். இப்போது மிச்ச மேட்டிலும் மூன்று மாடி ஓட்டலாம், படகுக் கிளப்பாம்.

குப்பத்தார் மனு கொடுத்தார்கள். விசாரிக்க வந்த ரெவின்யூ இன்ஸ்பெக்டர் கம்பெனி ஜீப்பிலிருந்து இறங்கினார்.

"இந்த மேடு யாருது?" என்றார் அவர்.

குப்பத்துத் தலைவர் முனிகிருஷ்ணன் நெஞ்சை நிமிர்த்தினார். "யாருதும் இல்லீங்க!"

பெண்களெல்லாம் பெருமையாகத் தலையாட்டினார்கள், செங்கம்மாளும்தான். அந்த மேட்டில் 'எனுது' என்ற பேச்சே கிடையாது. முதலில் வந்தவள் பாயை விரிப்பாள். பின்னால் வருகிறவளுக்கு நகர்ந்து கொடுப்பாள். வாய் தவறி ஒருத்தி 'எனுது' என்றால், கெங்கையம்மன் முன்னால் விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் மறுபடி மேட்டில் கூடை இறக்கலாம்.

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார்: 'உரிமை கோருவோர் எவருமில்லை.'

பத்து நாளில், மேட்டைக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விடப்போவதாக நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். பள்ளிக்கூட வாத்தியார் மோசஸ் அதைப் படித்துக் காட்டியதும் முனிகிருஷ்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

"நாம சொன்னது இன்னா, இவன் எழுதிக்கினு போனது இன்னா! தூ!" என்று துப்பினாள் செங்கம்மாள்.

மோசஸ்தான் வழி சொன்னார். "நாளைக்கு ஆட்சேபணை கேக்க வருவாங்க. ஒவ்வொருத்தரும் எனுதுன்னு சொல்லுங்க. தகராறுள்ள நெலத்தக் குத்தகைக்கு உட மாட்டாங்க."

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தபோது எல்லாரும் ஊமைகளாக நின்றார்கள். போகிறேன் என்று அவர் பேனாவை மூடினார். செங்கம்மாள் கண்ணை இறுக்கிக்கொண்டு சொல்லிவிட்டாள்: "இந்த மேடு எனுது."

"எனுது" என்றாள் அடுத்து சம்பூர்ணம். அப்புறம் மடை திறந்துவிட்டது. நாற்பது பெண்கள்.

"ஒரே எடம் எப்படிம்மா நாப்பது பேருக்கும் சொந்தமாவும்?"

"அதான் சார், மொதல்லயே யாருதும் இல்லன்னோம்!" என்றாள் செங்கம்மாள்.

வேறு வழியில்லாமல் 'தகராறு' என்று எழுதினார். குத்தகை நின்றது. ஜீப் போனதும் குப்பமே குதித்தது. செங்கம்மாள் மட்டும் கரையில் குந்தி வாய் கொப்பளித்துக்கொண்டே இருந்தாள். அழுகிய மீனைக் கடித்த மாதிரி இருந்தது அந்தச் சொல்.

விடிந்ததும் கூடையோடு மேட்டுக்குப் போனாள். சம்பூர்ணம் தன் பாயைச் சுற்றி நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி இது? கொஞ்சம் நவுரு."

"இன்னாத்துக்கு நவுரணும்? எனுதுன்னு சர்க்காருல எழுதியாச்சுக்கா. நீதான மொதல்ல சொன்ன?"

செங்கம்மாளுக்கு ஆத்திரம் பொங்கியது. அந்தக் கயிற்றை அறுத்தெறியக் கூடையை இறக்கினாள். அப்போதுதான் பார்த்தாள், மேடு முழுக்கக் குச்சி. கொஞ்சம் தள்ளி, தண்ணீரை ஒட்டிய நல்ல இடமாகப் பார்த்து, குனிந்து குச்சி அடித்துக்கொண்டிருந்தான் அவள் புருஷன் துலுக்காணம்.

"சீக்கிரம் வாம்மே!" என்று பல்லைக் காட்டினான். "எல்லாரையும் விட நமுக்குத்தான் பெரிய எடம்."