சேர்த்து வைக்காத புத்தகம்

கதைப் புத்தகம் படிக்கிறவர்களில் ராதாமணி ஒரு தினுசு. முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டுவாள். பிரிந்த குடும்பம் சேர்ந்திருந்தால் எடுப்பாள். இல்லாவிட்டால், "ஆமா, காசையும் குடுத்து அழுகவும் செய்யணுமாக்கும்!" என்று கண்ணுச்சாமியின் மேசைமேல் தள்ளிவிடுவாள். அவனியாபுரத்தில் அவர் நடத்திய வாடகை நூலகத்தின் மாத நாவல்கள் அத்தனையும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஓடிப்போன மகள் கைக்குழந்தையோடு வாசலில் வந்து நிற்பாள், அப்பா அழுவார், சுபம்.

அந்தச் சுபம் அவளுக்கு வேண்டியிருந்தது. மகள் வித்யாஸ்ரீ, பரவையில் காய்கறி மண்டி வைத்திருந்த அருள்பாண்டியைக் கட்டிக்கொண்டு போனாள். சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண் சாதி விட்டுச் சாதி போவதா என்று குதித்த கணவர் ராமமூர்த்தி, வீட்டில் எல்லோரையும் தலைமுழுகச் சொன்னார். செத்தவர்களுக்கு முழுகுவதை உயிரோடிருக்கிற மகளுக்கு முழுகினார்கள். ராதாமணியும் ஊற்றிக்கொண்டாள். பெற்ற வயிறு எரிய எரிய ஊற்றிக்கொண்டாளே, பாவி!

ஆனாலும் மகள் வருவாள் என்று நம்பினாள். பேத்தி பிறந்த சேதி காதில் விழுந்ததும் நம்பிக்கை இன்னும் பலத்தது. பிள்ளைக்குக் காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டாமா? மகன் கார்த்திகேஷை அழைக்கவாவது அவள் இந்தப் படி ஏறித்தானே ஆகவேண்டும்?

ஊரே சீரியல் பார்க்கத் தொடங்கியிருந்த காலம். கண்ணுச்சாமி கடைக்குப் புது நாவல் வரத்து குறைந்துபோயிருந்தது. ஒருநாள் பழுப்பு அட்டை போட்ட தடித்த புத்தகம் ஒன்றை நீட்டினார்.

"என்னண்ணே, தலகாணி மாதிரி இருக்கு?"

"கரீபியன் தீவுல ஒரு குடும்பத்துக் கதைம்மா. தமிழ்ல வந்துருக்கு. ஒரே சோத்த எம்புட்டு நாளைக்குத் திங்குறது? கடைசிப் பக்கத்தப் பாக்காம கொண்டுபோங்க."

முதலில் பெயர்களே வாயில் நுழையவில்லை. கடலும் கரும்புக்காடுமாக இருந்தது. பத்துப் பக்கம் தாண்டியதும் அடேயப்பா, நம் வீட்டுச் சண்டை இந்தத் தீவுக்கு எப்படிப் போனது என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். வேற்று நிறத்தானோடு மகள் போய்விடுகிறாள். அவள் பெயரை வீட்டில் சொல்லக்கூடாது என்கிறார் அப்பா. அம்மா ஒவ்வொரு ஞாயிறும் மகளுக்கென்று ஒரு தட்டு வைத்துக் காத்திருக்கிறாள். வைத்து வைத்தே செத்தும் போகிறாள். யாரோ அந்தத் தட்டைக் கழுவிக் கவிழ்க்கிறார்கள். அவ்வளவுதான், கதை முடிந்தது.

ராதாமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே கடைக்குப் போனாள்.

"இதெல்லாம் ஒரு கதையாண்ணே? தட்டு வெக்கத் தெரிஞ்சவளுக்கு ஒரு எட்டு போயிப் பாக்கத் தெரியாதா? மக என்ன சீமையிலயா இருக்கா, அடுத்த ஊருலதான..."

சொன்ன வாய் பாதியில் நின்றுபோனது. பரவைக்கு இரண்டு பஸ் மாறினால் போதும்.

பேத்தி காதுகுத்துக்கு மடி கொடுக்க வரும்படி கார்த்திகேஷிடம் கெஞ்சினாள். "அப்பாவுக்குத் தெரியாம வாரேன்" என்று அவனும் ஒப்புக்கொண்டான். மாட்டுத்தாவணியில் பூ வாங்கப் போவதாகக் கணவரிடம் சொல்லிவிட்டு, பேத்திக்கென்று தன் சின்ன வயதுத் தோட்டை முந்தானையில் முடிந்துகொண்டு, மகளிடம் சொல்லத் தனியாகக் கிளம்பினாள்.

வித்யாஸ்ரீ வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நல்லாயிருக்கிறாயா என்று ராதாமணி தங்கள் வீட்டுச் சௌராஷ்டிர மொழியில் கேட்டாள். மகள் எழுந்து நின்று, தமிழில், "வாங்க" என்றாள். பெற்றவளை வாங்க என்கிறாள்! பின்னாலிருந்து மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பேத்தி எட்டிப் பார்த்தாள். காது இரண்டும் சிவந்திருந்தன. புதுத் தோடு மின்னியது.

யார் மடியில் என்று கேட்டாள் ராதாமணி.

"கருப்பு அண்ணன் மடில. மண்டில மூட்ட தூக்குறவரு. தாய்மாமன் எங்கன்னு சனம் கேட்டப்ப, நான் இருக்கேன் தங்கச்சின்னு வந்து உக்காந்தாரு."

ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்றாள் ராதாமணி.

"வந்தேன். உங்க தெருமுனை வரைக்கும் வந்தேன். செத்துப்போனவ எப்படிங்க பத்திரிகை வைப்பா? திரும்பிட்டேன்."

ராதாமணியின் கை முந்தானை முடிச்சுக்குப் போனது.

உள்ளிருந்து மாமியார் இருளாயி குரல் கொடுத்தாள். "யாரு தாயி வந்துருக்கது?"

"தெரிஞ்சவங்க அத்த. அவனியாபுரம்."

"காப்பித்தண்ணி குடுக்காம அனுப்பிறாத."

காப்பி வந்தது. ராதாமணி குடித்தாள். முந்தானை முடிச்சை அவிழ்க்கவில்லை. போயிட்டு வாரேன் என்றபோது, மகள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அவனியாபுரத்தில் இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. கண்ணுச்சாமி அவளைக் கண்டதும் உற்சாகமாக ஒரு மாத நாவலை எடுத்து வைத்தார். "புதுசும்மா. சுபந்தான், நானே பாத்துட்டேன்."

"வேணாம்ண்ணே. அந்தத் தீவுக்காரி மாதிரி, கடைசிவரைக்கும் சேத்து வெக்காத புஸ்தகம் இருந்தாக் குடுங்க. வீட்டுல இதப் பேச ஆளில்ல."

அவர் தேடி எடுத்துக் கொடுத்ததை, கடைசிப் பக்கத்தைப் புரட்டாமல் வாங்கிக்கொண்டு போனாள்.