மூன்று கை மண்

என் புருஷன் முருகையாவைப் போலீஸ் லாரியில் ஏற்றிய அன்றே முனியாண்டி கோயிலுக்கு ஓடினேன். வெள்ளைக்காரனை எதிர்த்துக் காட்டில் ஒளிந்து சண்டை போடும் காட்டுக்காரர்களுக்கு அரிசி கொடுத்தாராம்! கொடுத்தது நான். அவர்களோடு என் தம்பியும் பசியோடு கிடந்தான். எவனோ என் புருஷன் பெயரைச் சொல்லிவிட்டான் என்று வயிறு எரிந்தது. மூன்று கை மண்ணை வாரித் தூற்றினேன்.

"சொன்ன வாயி வீடு திரும்பக் கூடாது!"

பிறகு ரப்பர் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயங்களை முள்வேலிக்குள் மாற்றினார்கள். கோயில் வெளியே நின்றுவிட்டது. இரண்டு வருடமாக அவர் சட்டையை நான் துவைக்கவில்லை. வாசனை போய்விடுமே! என் புத்தி அவ்வளவுதான்.

போன வாரம், தடுப்பு முகாமிலிருந்து விடுதலையான ஒருவர் மடியில் மறைத்து ஒரு கடிதம் கொண்டுவந்தார். அங்கே படித்தவர் யாரோ எழுதிக் கொடுத்தது. ஆறுமுகம் வாத்தியார் மெல்லப் படித்தார்.

"உன்னைத்தான் தேடி வந்தார்கள். நான்தான் கொடுத்தேன் என்று நானே சொன்னேன். எவரையும் சபியாதே. வியாழக்கிழமை விசாரணை. வீட்டுக்கு விடுவார்கள், இல்லையேல் நாடு கடத்தி ஊருக்குக் கப்பலேற்றுவார்கள்."

"சபியாதேன்னா என்னா வாத்தியாரே?"

"நீ மண்ண வாரித் தூத்துனியே, அதான் லா. சாபம். சபதமும் அதே வேருல வந்த வார்த்தைதான் மயிலம்மா. ரெண்டுமே சாமிய சாட்சி வச்சு சொல்றது."

சொன்ன வாய் அவருடையதா? அடிப் பாவி, என் புருஷனுக்கா மண் தூற்றினேன்?

தூற்றியவளே அந்த மண்ணை வாரிக் கரைத்துச் சாமி காலில் ஊற்றினால் சாபம் மீளும் என்பார்கள். புதன்கிழமை பால்வெட்டும்போது என் மர நிரையை விட்டு நழுவினேன்.

"ஏய் மயிலு, பட்டாளத்தானுங்க சுட்டுப்புடுவானுங்க!" என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சன்னாசி கத்தினார்.

"சுடட்டும். நீங்க மரத்தப் பாருங்க."

கோயிலைச் சுற்றி லாலான் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. எந்த மண் என்று தேடுவது? நின்ற இடத்திலேயே மூன்று கை வாரி, மரத்தில் கட்டியிருந்த பால் கோப்பையில் தேங்கிய மழைத்தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். மனசு ஆறவில்லை. வாத்தியார் சொன்ன மற்ற வார்த்தை ஞாபகம் வந்தது.

"அவர் வர்ற வரைக்கும் இந்த வாயால ஒருத்தரையும் திட்ட மாட்டேன் சாமி. இது சபதம்."

முள்வேலிக் கேட்டில் சோதனைக்காரி என் சேலையை உதறி, "மண்ணத் திருடுறியாடி நாயே?" என்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

இன்று வெள்ளிக்கிழமை. லாரிச் சத்தம் கேட்டபோதெல்லாம் கேட்டுக்கு ஓடினேன். வந்துருங்க மாமா. உங்களைத் திட்டாமல் நான் எத்தனை நாள்தான் இருப்பேன்?