காகிதத்தில் ஏழை

வேதமுத்துவின் சம்பளக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவனே நான்தான். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதை ஆரம்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் போகிற போக்கில் நைசாக விட்டுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

வேதமுத்து செம்பூரில் எங்கள் தமிழ்ச் சபையின் கோவில்பிள்ளை. மணி அடிப்பது, பெஞ்சு துடைப்பது, கமிட்டிக்கு டீ வாங்கி வருவது எல்லாம் அவன் வேலை. கோவிலுக்குப் பின்னால் ஒற்றை அறையில் மனைவியோடும் ஆறு வயது மகள் கெசியாவோடும் இருக்கிறான். மாதம் எட்டாயிரம் ரூபாய் சம்பளம். அதைப் பத்தாயிரமாக்கலாம் என்று போன வருடம் பேச்சு வந்தபோது, நிதி நிலைமையைப் பார்த்துச் செய்யலாம் என்று தள்ளிவைத்த பொருளாளரும் நான்தான்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கையில் ஒரு தாளோடு வந்து நின்றான்.

"என்னது வேதமுத்து?"

"ஆர்டிஇ ஃபார்ம் போடணும் அண்ணாச்சி. தாசில்தார் ஆபீஸ்ல வருமானத்துக்கு தாக்லா, அதான் சர்ட்டிபிகேட்டு, எடுக்கணும்னா சம்பள லெட்டர் கேக்காவ. வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்குக் கீழ சம்பாதிக்கவங்க பிள்ளையளுக்கு பெரிய ஸ்கூல்ல நாலுல ஒரு சீட்டு சும்மா குடுக்கணுமாம். ஃபீஸே கிடையாது. குலுக்கல்ல பேரு வுழணும், அவ்வளவுதான்."

எந்த ஸ்கூல் என்று கேட்டேன். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் இங்கிலீஷ் ஸ்கூலின் பெயரைச் சொன்னான். என் மகள் ஜெரூஷாவுக்கும் ஆறு வயது. அவளையும் அங்கேதான் சேர்ப்பதாக இருந்தோம். ஃபீஸ் வருடத்துக்கு ஒன்றரை லட்சம். கையெழுத்துப் போட்டுக்கொண்டே, இவனைவிட நான் எந்த விதத்தில் குறைந்தவன் என்று யோசித்தேன். அப்படித்தான் யோசித்தேன், நிஜமாக.

ஏனென்றால் காகிதத்தில் நானும் மாதம் எட்டாயிரம் சம்பாதிக்கிறவன். தாராவியில் எனக்கு லெதர் பை தைக்கும் காரகானா இருக்கிறது. பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். சரக்கெல்லாம் கணக்கில் வராத கச்சா பில்லில் போகும், ரொக்கமாகப் பணம் வரும். காகிதத்தில் அந்தக் காரகானாவே கிடையாது. அதில் நான் யாருக்கோ கூலிக்குத் தைக்கிற ஆள். என் காகிதங்களைப் பார்த்துக்கொள்ளும் மாட்டுங்கா சுந்தரராமன் ஏற்பாடு செய்தது அது.

வரியைப் பற்றி என்னிடம் ஒரு பிரசங்கம் எப்போதும் தயாராக இருக்கும். மழைக்காலத்தில் காரகானா இருக்கிற சந்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும். காலையில் பொதுக் கக்கூஸுக்கு வரிசை ரோடு வரை வரும். எனக்கு எதுவும் செய்யாத சர்க்காருக்கு நான் ஏன் அழ வேண்டும்? எவனோ மந்திரி தின்று கொழுக்கவா? இதைச் சொன்னால் தாராவியில் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

கோவிலில்கூட ஒரு முறை பேசினேன். ராஜாவுக்கு வரி கட்டலாமா என்று கேட்டவர்களிடம் ஆண்டவர் ஒரு காசை வாங்கிப் பார்த்து, இதில் இருப்பது யாருடைய தலை என்று கேட்ட பகுதியைப் பற்றி வேத ஆராய்ச்சிக் கூட்டத்தில் பேச்சு வந்தது. "அது ரோம ராஜா தலை. நம்ம நோட்டுல இருக்கது காந்தியில்லா? அவரே உப்பு வரி கட்ட மாட்டேன்னவருதான," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். போதகர் மட்டும், "அவரு கட்ட மாட்டேன்னு ஊரறியச் சொல்லிட்டு ஜெயிலுக்குப் போனாரு ஞானதுரை," என்றார். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு அடுத்த வசனத்துக்குப் போகலாம் என்றேன்.

ஆனால் கடவுள் விஷயத்தில் நான் கறார். தசமபாகத்தில் ஒரு பைசா குறைக்க மாட்டேன். உண்மையான லாபத்தில் பத்தில் ஒன்று, மாதம் பதினைந்தாயிரம், முதல் ஞாயிற்றுக்கிழமை கவரில் போட்டுவிடுவேன். சபையின் வருடாந்திர ரிப்போர்ட்டில் காணிக்கைப் பட்டியல் அச்சடிப்பார்கள். அதில் மூன்று வருடமாக என் பெயர்தான் முதலில். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும்.

சுந்தரராமனிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"தாக்லா கிடைக்கும். பேப்பர்லாம் பக்காவா இருக்கு. ஆனா நீங்க ஃபீஸ் கட்ட முடியாதவரா என்ன?"

"சும்மா கிடைக்கறத ஏன் விடணும் சார்?"

"அதுவும் சரிதான். நம்ம நாட்டுல யார் யாரோ வாங்கிண்டு போறான்," என்றார். இரண்டு பேருக்கும் டீ வந்தது. வீட்டில் என் மனைவி ஹெப்சி ஒரு வார்த்தை கேட்டாள், "இது வேண்டாம், தப்பில்லையா?" என்று. தப்பு செய்கிறவன் பேப்பரில் மாட்டுவான், நம் பேப்பர் சரியாக இருக்கிறது என்று சொல்லி வாயை அடைத்தேன்.

ஏப்ரலில் குலுக்கல் நடந்தது. போனில் மெசேஜ் வந்தது. ஜெரூஷாவுக்குச் சீட்டு கிடைத்துவிட்டது. காகிதங்களைச் சரிபார்த்த இடத்தில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆண்டவர் என் பிள்ளையை நினைத்தார் என்று நிஜமாகவே நம்பினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து மைக்கைப் பிடித்து, நூற்றுக்கணக்கான பேர் போட்டதில் என் மகள் பெயரைக் கர்த்தர் தெரிந்தெடுத்தார் என்று சபைக்கு முன் சொல்லி, ஸ்தோத்திரக் காணிக்கையும் வைத்தேன். என்ன சீட்டு, எப்படிப்பட்ட சீட்டு என்று சொல்லவில்லை. ஸ்கூல் பெயரை மட்டும் சொன்னேன்.

காணிக்கைப் பையை உள்ளே கொண்டுவந்து வைத்த வேதமுத்து போகாமல் நின்றான்.

"அண்ணாச்சி, எங்க கெசியாவுக்கும் அதே ஸ்கூல்தான் கேட்டிருந்தோம். சீட்டு வுழல. வெயிட்டிங் லிஸ்ட்ல ஒண்ணாவது பேரா நிக்கா. யாராவது ஒருத்தர் வேண்டாம்னு சொல்லிட்டா வந்துரும். ஜெபத்துல நினைச்சுக்கிடுங்க."

நினைத்துக்கொள்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல? ஒருத்தர் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அந்த ஒருத்தரிடமே வந்து ஜெபிக்கச் சொல்கிறான். அவனுக்குத் தெரியுமா, தெரியாதா என்று அவன் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

அன்று வீட்டில் ஜெபிக்க முழங்காலில் நின்றால் வாய் வரவில்லை. கெசியாவுக்குச் சீட்டு கொடும் என்று கேட்டால் அவர் என்னைத்தானே பார்ப்பார். பேசாமல் எழுந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து எனக்கு ஒரு நல்ல யோசனை வந்தது. அப்போது அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. கெசியாவின் ஃபீஸை நானே கட்டிவிடுகிறேன்! சீட்டும் நம்மிடம் இருக்கும், மனசும் ஆறும். வேதமுத்துவின் அறைக்கே போனேன். அவன் கோவில் விரிப்பை வெயிலில் உதறிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் காலில் விழாத குறையாக நன்றி சொல்வான் என்று எதிர்பார்த்தேன்.

அவன் விரிப்பை மடித்து வைத்தான்.

"பெரிய மனசு அண்ணாச்சி. ஆனா வேண்டாம்."

"ஏன்?"

"வருஷா வருஷம் நான் உங்க முன்னால வந்து நிக்கணும். ஒரு வருஷம் தொழில் டல்லானா பிள்ளை வீட்டுல இருக்கணும். சர்க்கார் குடுக்கது அப்படியில்ல பாத்துக்கிடுங்க. அது அவளுக்குள்ளது. யாருக்கும் கும்பிடு போடாண்டாம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உதவி செய்யப் போனவனிடம் பேசுகிற பேச்சா இது? "சர்க்கார் பணம் என்ன வானத்துலருந்தா கொட்டுது வேதமுத்து?" என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள், அதில் என் பங்கு ஒரு பைசாகூட இல்லை என்பது உறைத்தது. அவன் தலையைக் குனிந்தபடி மெதுவாகச் சொன்னான்.

"குலுக்கல் லிஸ்ட்டுல ஜெரூஷா பேரையும் பாத்தேன் அண்ணாச்சி. ரிப்போர்ட்டு புக்க வீடு வீடாக் கொண்டு குடுத்ததும் நான்தான. உங்க பேருக்கு நேர ஒரு லட்சத்து எண்பதாயிரம்னு போட்டிருந்துது."

அது ஒரு வருடத் தசமபாகம். காகிதத்தில் நான் வருடம் முழுக்கச் சம்பாதிப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சபையில் பெருக்கல் தெரிந்த எவனும் என் நிஜ வருமானத்தைக் கண்டுபிடித்துவிடலாம். சர்க்காருக்குத் தெரியக்கூடாது என்று மறைத்ததைக் கடவுளுக்குத் தெரிய வேண்டும் என்று நானே அச்சடித்து ஊருக்குக் கொடுத்திருக்கிறேன். முட்டாள்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா.

"தெரிஞ்சும் ஏன் புகார் பண்ணல?"

"இந்த வீடு கோவில் வீடு அண்ணாச்சி. நீங்க கமிட்டி."

அவ்வளவுதான் சொன்னான். அவன் திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். அவன் என்னைப் பார்த்துப் பயப்படுகிறான் என்று தெரிந்தபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எவனோ மந்திரி தின்கிறான் என்று பேசித் திரிந்தேன். இங்கே ஒரு பிள்ளையின் தட்டில் கை வைத்துத் தின்றது நான்.

மறுநாளே ஸ்கூலுக்குப் போனேன். சேர்க்கையை ரத்து செய்யும் ஃபாரத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. அதில் எழுதப்போகும் உண்மை பொய்ச் சான்றிதழுக்கு ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும். பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். கவுன்டரில் இருந்த பெண் இரக்கப்பட்டு, "கர் பதல் கயா, லிக் தோ. சப் வஹீ லிக்தே ஹை," என்றாள். எல்லோரும் அதைத்தான் எழுதுவார்களாம். வீடு மாறுகிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திருடியதைத் திரும்ப வைக்கும்போதும் பொய் சொல்லித்தான் வைத்தேன். அடுத்த கவுன்டரிலேயே ஜெரூஷாவுக்கு ஃபீஸ் கட்டிச் சேர்க்கை வாங்கினேன். பணம் பையிலேயே இருந்தது. அதுதான் அவமானம்.

அங்கிருந்து சுந்தரராமனிடம் போய், இந்த வருடம் உள்ளதை உள்ளபடி காட்டி வரி கட்டிவிடலாம் என்றேன். "திடீர்னு எங்கேருந்து வந்ததுன்னு கேப்பான். பழைய வருஷத்தையெல்லாம் தோண்டுவான். அவசரப்படாதேங்கோ, யோசிச்சுச் சொல்லுங்கோ," என்றார். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். என் தைரியம் அவ்வளவுதான்.

அடுத்த வாரம் கமிட்டி கூடியது. ஜெபம் முடிந்ததும் போதகர் மலர்ந்த முகத்தோடு என் பக்கம் திரும்பினார்.

"ஞானதுரை, நம்ம கெசியாவுக்கு சீட்டு கிடைச்சிட்டு, தெரியுமா? வீடு மாறிப் போற யாரோ விட்டுட்டுப் போன சீட்டாம். ஸ்கூல்ல விசாரிச்சா உங்க பேரச் சொல்லுதாவ! எந்த ஏரியாவுக்குப் போறீங்க? வாஷியா, தாணேயா? பாத்தீங்களா, நீங்க வீடு மாறுறதக்கூட ஆண்டவர் ஒரு ஏழைப் பிள்ளைக்கு ஆசீர்வாதமா மாத்திட்டாரு."

நாலைந்து பேர் ஆமென் என்றார்கள். வேதமுத்து டீ கிளாஸ்களோடு வாசலில் நின்றான். அவனுக்கு எல்லாம் தெரியும். இருந்தும் யாரிடமும் மூச்சு விடவில்லை. நானும் ஒரு ஆமென் சொன்னால் போதும். திருடனாக இருந்தவன் ஆண்டவரின் கருவியாகவே ஆகிவிடலாம். எனக்கு அந்த ஆமென் தொண்டை வரை வந்தது.

"வீடு மாறல ஐயா," என்றேன். "அது ஏழைக்குள்ள சீட்டு. மாசம் எட்டாயிரம்தான்னு பொய் தாக்லா குடுத்து வாங்குனேன். இத்தன வருஷமும் வரியே கட்டல. மாட்டிக்கிடுவோம்னு பயந்து வீடு மாறுதோம்னு எழுதிக் குடுத்தேன். பொருளாளர் பொறுப்ப வேற யாருக்காவது குடுங்க."

போதகர் என்னைப் பார்ப்பதா, மேசையைப் பார்ப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன நிம்மதி வந்தது. கடைசியில் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று என்னையே மெச்சிக்கொண்டு, வேதமுத்துவின் பக்கம் திரும்பினேன். அவன் கண்ணில் ஏதோ தெரியும் என்று நினைத்தேன்.

அவன் முகம் வெளுத்திருந்தது. கிளாஸ்களைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றான்.

"நீங்க இப்படிச் சொன்னதால கெசியா சீட்டுக்கு ஒண்ணும் ஆயிராதுல்லா அண்ணாச்சி?"

அதை நான் யோசிக்கவே இல்லை.