பீலியில் வந்த மஞ்சள்

ஆண்டியப்பன் பிடிவாதக்காரர். சீனி வருத்தத்தில், அதாவது நீரிழிவில், ஒரு கால் போன பிறகும் அந்தப் பிடிவாதம் இம்மியும் குறையவில்லை. "மருமக எனக்குக் கக்கூசுச் சட்டி எடுக்கிறதா? அதுக்கு என்னைய இந்த ஆஸ்பத்திரியிலயே விட்டுட்டுப் போங்க" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கங்காணியாக இருந்து, தொழிலாளர் லயத்துப் பெண்களையெல்லாம் ஒரு பார்வையில் அடக்கியவர். வேறெப்படிப் பேசுவார்?

அதனால்தான் மருமகள் நிஷாந்தி, வீட்டின் கீழ்த்தள அறையை ஒட்டி ஒரு கக்கூசு கட்டவைத்தாள். மேல்மாடியில் இருப்பதற்குப் படியேறிப் போக இனி அவரால் ஆகாது. சுவர் எழும்பி, கொமட் பீங்கானும் வைத்தாயிற்று. மேலேயிருந்து மலக்குழிக்குப் போகிற பழைய குழாயோடு இதை இணைப்பதுதான் பாக்கி. அன்று ஞாயிற்றுக்கிழமை. அவள் புருஷன் ஜீவராஜ் அப்பாவை அழைத்துவர நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். எந்த நேரமும் வந்துவிடுவார்கள்.

"இணைக்க முந்தி பழைய குழாய் ஒழுங்கா ஓடுதான்னு பாக்கணும் தங்கச்சி" என்றார் மேசன் சுமன் பாஸ். "மஞ்சள் கரைச்சு மேல கக்கூசுல ஊத்துங்க. நான் குழிகிட்ட நின்னு பாக்கிறேன்."

நிஷாந்தி ஒரு வாளி ஊற்றினாள். குழியில் சொட்டுக்கூட விழவில்லை. இன்னொரு வாளி ஊற்றினாள். அதுவும் போன இடம் தெரியவில்லை. கார்த்திகை மழையில் வீட்டுக்குக் கீழே மண் இறங்கியது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"குழாய் உள்ளுக்கே ஒடஞ்சிருக்கு" என்றார் பாஸ். "தண்ணி எங்கயோ போகுது."

எங்கே என்பதை, சரிவுக்குக் கீழே அதே தோட்டத்து லயத்திலிருந்து எழும்பிய குலவைச் சத்தம் சொன்னது.

இருவரும் வேலியோரம் ஓடி எட்டிப் பார்த்தார்கள். மலையூற்றிலிருந்து லயமே குடிதண்ணீர் பிடிக்கிற பீலிக் குழாயில் தண்ணீர் மஞ்சளாக ஊற்றிக்கொண்டிருந்தது. கோயிலில் காப்புக் கட்டியிருக்கிற வாரம். மஞ்சத்தண்ணீர் தானாக வந்தால் சனம் வேறென்ன நினைக்கும்? மாரியாத்தாளே இறங்கிவிட்டாள் என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். லெட்சுமி என்பவள் தீர்த்தம் என்று ஒரு செம்பு பிடித்தாள்.

பாஸ் குரலைத் தாழ்த்தினார். "பேசாம இருங்க. கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிரும், குழாய நான் மாத்திடுறேன். சொன்னீங்கன்னா கக்கூசையே பூட்டச் சொல்லுவாங்க. பெரியவரு வந்து எங்க போவாரு?"

நியாயமான கேள்விதான். ஆனால் செம்பு லெட்சுமியின் உதட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நிஷாந்தி சறுக்கி விழுந்தடித்து இறங்கி அதைத் தட்டிவிட்டாள்.

"குடிக்காதீங்க அக்கா. ஆத்தா இல்ல. அது எங்க கக்கூசுத் தண்ணி."

குலவை நின்றது.

"எத்தன நாளா?" என்றாள் லெட்சுமி.

"கார்த்திகை மழையில இருந்து போல."

"எம்மவளுக்கு அப்பயிருந்து வயித்தால போகுது. தண்ணிய கொதிக்கவச்சுக் குடுன்னாரு டொக்டர். வெறகு கெடச்ச நாள்ல கொதிக்க வச்சேன்."

ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். நிஷாந்திக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது.

நேரம் பார்த்து மேலே ஓட்டோ வந்து நின்றது. நிஷாந்தி ஏறிப் போனாள். லயத்துப் பெண்களும் பின்னாலேயே போனார்கள். ஓட்டோவுக்குள் இருந்தபடியே ஆண்டியப்பன், "என்ன கூட்டம்?" என்றார். அத்தனை பேர் முன்னிலையிலும் அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அவர், "மேல உள்ள கக்கூசையும் பூட்டு. பீலி சுத்தமாகிற வரைக்கும் இந்த வீட்டுல யாரும் அதுல போகப்படாது" என்றார்.

"அப்ப நீங்க?" என்றான் ஜீவராஜ்.

கிழவர் மகனைப் பார்க்கவில்லை. ஒரு காலத்தில் தன் முன் நிமிர்ந்து பேசாத பெண்களைப் பார்த்தார். பிறகு அவர்கள் காதுபடவே மருமகளிடம் கேட்டார்.

"எனக்குச் சட்டி எடுக்கணும். எடுப்பியாம்மா?"

"எடுக்கிறேன் மாமா" என்றாள் நிஷாந்தி. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.