பாலெட்டுக்கு எந்த முள்

வாண்டாவின் தூண்டில் கடையில், முள் அட்டைகள் தொங்கும் சுவருக்கு முன்னால் ரூடி ஹோரக் அரைமணி நேரமாக நின்றுகொண்டிருந்தான். சுண்ணாம்புக்கல் குவாரியில் முப்பத்தோரு வருஷம் உழைத்த கை. அந்தக் கைக்கு இப்போது இரண்டு சின்ன அட்டைகள் கனத்தன. ஒன்றில் நாலாம் நம்பர் முள், தடிக்கம்பி. இன்னொன்றில் ஆறாம் நம்பர், மெல்லிய கம்பி. நம்பர் குறையக் குறைய முள் பெரிசு. இரண்டுமே ஒரே காம்பில் மூன்று முனை வளைந்த முள்.

"கல்யாணத்துக்குக்கூட நீ இவ்வளவு நேரம் யோசிச்சிருக்க மாட்டே," என்றாள் வாண்டா, கல்லாவுக்குப் பின்னாலிருந்து.

"கல்யாணத்தை பாலெட் முடிவு பண்ணிட்டா. எனக்கு யோசிக்க வேலையே வைக்கல."

"அப்ப இதையும் அவளையே கேட்டிருக்கலாம்ல. என்னத்துக்கு?"

"வால்ஐ மீனுக்குத்தான். படகுக்குப் பின்னால இழுக்கிற பொய்மீனுக்கு. கம்பெனிக்காரன் போட்ட முள்ளைக் கழட்டிட்டு வேற போடணும்."

வாண்டா எழுந்து வந்து அவன் கையிலிருந்ததைப் பார்த்தாள். "நாலாம் நம்பர், அதுவும் தடிக்கம்பி. சுறா பிடிக்கப் போறியா?"

"தூண்டில் நரம்பு தொய்ஞ்சாலும் மீன் கழண்டு போகக் கூடாது வாண்டா. அதுதான் எனக்கு வேணும்."

அவள் அதற்கு மேல் கேலி பண்ணவில்லை. ஊருக்கே தெரிந்த விஷயம். மார்ச் மாதம் சர்ச்சில் வெள்ளிக்கிழமை மீன் விருந்தின்போது, பொரித்த மீன் தட்டை ஏந்திவந்த பாலெட் அப்படியே சாய்ந்தாள். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. வாய்ப் பேச்சு ஒரு மாதத்தில் திரும்பியது, நடை பாதி திரும்பியது. கை மட்டும் திரும்பவே இல்லை.

"வால்ஐக்கு வாய் எலும்பு," என்றாள் வாண்டா மெதுவாக. "மெல்லிசுன்னா டக்குனு ஏறும். தடிச்சது ஏற, மீன் வெறியோட கடிக்கணும். இந்தக் குளிருல எது வெறியோட கடிக்குது? பின் முள்ளை உதட்டால தொட்டுட்டுப் போகுது."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் வாங்குறியா?"

ரூடி தடிக்கம்பி அட்டைகளைக் கல்லாவில் வைத்தான். வாண்டா பை போடும்போது மெல்லிய கம்பி அட்டைகள் மூன்றைத் தானாகச் சேர்த்து உள்ளே போட்டாள். "வேணாம்னா திங்கக்கிழமை கொண்டாந்து கொடு," என்றாள்.

திங்கட்கிழமைதான் குளிர்காலத்துக்காகப் படகைத் தண்ணீரிலிருந்து தூக்குகிற நாள். ஞாயிறு ஒன்றுதான் பாக்கி. அதற்குப் பிறகு ஏப்ரல்வரை ஏரி அவர்களுக்கு இல்லை.

பாலெட் செப்டம்பரிலேயே சொல்லிவிட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, உப்பு எடு என்பதைப் போலச் சொன்னாள். "படகைத் தூக்கறதுக்குள்ள ஒரு மீன் ரூடி. நானே நரம்பைச் சுத்தி, நானே படகுப் பக்கத்துக்குக் கொண்டுவரணும். முடியலேன்னா இனிமே நான் ஏரிக்கு வரல. ஐஸ் பெட்டி மாதிரி என்னைத் தூக்கி ஏத்தி, தூக்கி இறக்கறது எனக்கு வேணாம்." அவள் எதையும் இரண்டு தடவை சொல்கிறவள் இல்லை. அதன் பிறகு நாலு ஞாயிறு போய் வந்தார்கள். நாலு மீன் அவள் நரம்பில் ஏறி, நாலும் பாதி வழியில் கழன்று போயின.

பயிற்சி இல்லாமலும் இல்லை. இடது கையால் நரம்பைச் சுற்றுகிற ரீல் ஒன்றை ரூடி வாங்கிப் பொருத்தினான். தூண்டில் கோலின் அடியைத் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, கல் போட்ட வாளியைப் புல்வெளியில் தூரத்திலிருந்து இழுத்து இழுத்துப் பழகினாள். ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பூனை வாளியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதையும் சேர்த்து இழுத்துவிட்டாள். "பதினோரு பவுண்டு," என்று அறிவித்தாள். ஆனால் வாளி இழுத்த பக்கம் வரும், தலையை ஆட்டாது. இருபது சுற்றுக்கு ஒரு தடவை அவள் கை ஓயும். அந்த நேரத்தில் நரம்பு தொய்யும். தொய்ந்த நரம்பில் மீன் தலையை ஒரு உதறு உதறினால் போதும்.

அவளுக்காகச் சுற்றிக் கொடுக்கவும் வழி இல்லை. படகு பாலெட்டின் அண்ணன் கஸ்ஸுடையது. அந்தப் படகில் ஒரு சட்டம் உண்டு. எந்தக் கோலில் மீன் ஏறினாலும் முறை வைத்துத்தான் எடுக்க வேண்டும். மீன் தப்பினாலும் முறை முடிந்தது. ஒருத்தர் முறையில் மீன் ஏறிய கோலை இன்னொருத்தர் தொட்டால் அந்த மீன் யாருடையதும் இல்லை. நரம்பைப் பக்கவாட்டில் தள்ளிப் பிடிக்கிற மிதவைப் பலகையை அவிழ்க்கலாம், கைவலையால் அள்ளலாம். அவ்வளவுதான். இருபது வருஷம் முன்னால் கஸ் ஆசை தாங்காமல் மற்றவர்கள் கோலையெல்லாம் பிடுங்கியபோது, இந்தச் சட்டத்தைப் போட்டதே பாலெட்தான்.

ஆகவே ரூடியின் கையில் மிச்சம் இருந்தது முள் ஒன்றுதான்.

சனிக்கிழமை மதியம் சமையலறை மேஜையில் பொய்மீன்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தான். குறடால் வளையத்தைப் பிளந்து, பழைய முள்ளைக் கழற்றி, புதியதைக் கோத்தான். ஒவ்வொன்றையும் கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்து இழுத்துப் பார்த்தான். வழுக்கினால் அரம் போட்டான். பாலெட் எதிரில் உட்கார்ந்து இடது கையால் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

"தடிக்கம்பியா?"

"ம்."

"கனம் கூடிடுமே ரூடி."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது."

ஆகும். முள் கனத்தால் பொய்மீனின் வால் தொங்கும், ஆட்டம் செத்துப்போகும். ஏரிக்கரையில் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ரூடிக்கும் தெரியும். ஆனால் இரண்டு மாதமாக அவன் மனசில் ஓடியதெல்லாம் மீன் கழன்று போகிற காட்சிதான். மீன் முதலில் கடிக்க வேண்டும் என்பதையே அவன் மறந்துபோயிருந்தான்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஆறு கோலையும் இறக்கிவிட்டார்கள். பக்கத்துக்கு மூன்று. வானம் அலுமினியத் தட்டு மாதிரி இருந்தது. மேற்கே இருந்து இரண்டடி அலை. கஸ் சுக்கானைப் பிடித்து, ஆள் நடக்கிற வேகத்தைவிடக் குறைவாக ஓட்டினான். தண்ணீர் இந்த அளவு குளிர்ந்த பிறகு வேகமாக ஓடுகிற எதையும் வால்ஐ துரத்தாது.

இரண்டு மணி நேரம் ஒரு மிதவைப் பலகைகூட அசையவில்லை. ரேடியோவில் மற்ற படகுக்காரர்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் ஐந்து, ஒருத்தன் எட்டு.

"மீனுங்களுக்கு இன்னிக்கு ஞாயித்துக்கிழமைன்னு தெரிஞ்சுபோச்சு," என்றான் கஸ். "பூசைக்குப் போயிருக்கும்."

"நீ ஓட்டுற அழகைப் பாத்துட்டு நேரா பாவமன்னிப்புக்கே போயிருக்கும்," என்றாள் பாலெட்.

கஸ் சிரித்துக்கொண்டே ஒரு கோலைச் சுற்றி எடுத்தான். பொய்மீனைப் படகோரத்தில் ஓடவிட்டுக் குனிந்து பார்த்தான். சிரிப்பு நின்றது.

"மச்சான், இங்க வா. இது நீந்தல. குச்சி மாதிரி வருது."

ரூடி வந்து பார்த்தான். வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஆட்டமே இல்லாமல், செத்தது மாதிரி வந்துகொண்டிருந்தது.

"என்ன முள்ளு போட்டே?"

ரூடி பாலெட்டைப் பார்த்தான். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்றே சொன்னேனே என்று அவள் கேட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வாண்டா போட்டுக் கொடுத்த அட்டைகள் சட்டைப்பையிலேயே இருந்தன. ஆறு பொய்மீன், ஒவ்வொன்றுக்கும் இரண்டு முள், மொத்தம் பன்னிரண்டு. கையுறையோடு முடியவில்லை, கழற்றினான். குளிரில் விரல் மரத்துப்போய் குறடு இரண்டு தடவை கீழே விழுந்தது. "இங்க கொண்டா," என்று பாலெட் பொய்மீனை வாங்கித் தன் முட்டிமேல் வைத்து இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவன் அவள் முன்னால் மண்டி போட்டு வளையத்தைப் பிளந்தான். முன்னெல்லாம் இந்த வேலையை அவள் தனியாகப் பத்து நிமிஷத்தில் முடிப்பாள். இன்றைக்கு இரண்டு பேருக்கு முக்கால் மணி ஆனது.

"இது நேராயிடாதா?" என்றாள், மெல்லிய கம்பியைத் தடவி.

"பெருசா ஏறினா ஆகலாம்."

"ஏறட்டும் முதல்ல."

முள் மாற்றி இறக்கிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. இடது பக்கம் வெளிக்கோடியில் மிதந்த பலகை ஒரு தடவை நடுங்கியது. பிறகு பின்னால் நகர ஆரம்பித்தது. துள்ளல் இல்லை, அடி இல்லை. யாரோ நிதானமாகப் பிடித்து இழுப்பது போலப் பின்வாங்கியது. அப்படி வந்தால் பெரிய மீன்.

"உன் முறை பாலெட்," என்றான் கஸ்.

ரூடி சட்டத்தை மறந்துபோய், கோலைத் தாங்கியிலிருந்து எடுத்துத் தரக் கையை நீட்டினான். "தொடாதே," என்றாள். அவளே இடது கையால் இழுத்து எடுத்து, தொடையில் இடுக்கி, படகின் விளிம்பில் சாய்த்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தாள்.

இருபது சுற்று. ஓய்வு. இருபது சுற்று. ஓய்வு. ஓய்வின்போது நரம்பு தளராமல் இருக்க கஸ் படகை முன்னால் விட்டுக்கொண்டே இருந்தான். அலை தூக்கி இறக்கும்போது மட்டும் அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பலகை கைக்கெட்டும் தூரம் வந்ததும் ரூடி குனிந்து அதை அவிழ்த்தான். அவனுக்கு அனுமதிக்கப்பட்ட வேலை அதோடு முடிந்தது. பிறகு கைவலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் தோள் நடுங்குவதைப் பார்த்தான். வலது கை மடியில் தன் பாட்டுக்குக் கிடந்தது. தன் இரண்டு கையும் எதற்கு என்று அவனுக்குத் தோன்றியது. அவள் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் அவன் விரல் வலையின் பிடியில் தானாகச் சுற்றியது.

"நிறுத்தாதே," என்றான்.

"வாயை மூடு ரூடி."

ஐம்பது அடி. முப்பது. மீன் மேலே வந்தது. பழுப்புப் பொன் நிறத்தில் ஒரு முதுகு, நீளமாக, வாலில் ஒரு வெள்ளைப் பொட்டு. கண் வெளிச்சத்தில் கண்ணாடி மாதிரி மின்னியது. கஸ் மூச்சை இழுத்தான். "பத்து பவுண்டு இருக்கும்டா," என்றான், ரகசியம் போல.

இருபது அடியில் அவள் கை ஓய்ந்தது. வழக்கமாக மூன்று மூச்சில் திரும்பச் சுற்றுவாள். இப்போது நாலு, ஐந்து. விரல் பிடியை விட்டு நழுவியது. அவள் மறுபடி பிடித்தாள். அதே நேரம் ஒரு அலை படகைத் தூக்கி மீனின் பக்கமாகச் சறுக்கிவிட்டது. நரம்பு ஒரு நொடி வில்லாக வளைந்து தொங்கியது. மீன் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. தலையை ஒரு பக்கம் திருப்பியது, அவ்வளவுதான். பிறகு மெதுவாக, அவசரமே இல்லாமல், கீழே போனது.

கோல் நிமிர்ந்தது.

பாலெட் வெறும் பொய்மீனைக் கடைசிவரை சுற்றி எடுத்தாள். ரூடி அதைக் கையில் வாங்கிப் பார்த்தான். கம்பி நிமிர்ந்திருக்கும், முனை மழுங்கியிருக்கும், ஏதாவது ஒன்று இருக்கும் என்று பார்த்தான். முன் முள்ளும் சரி, பின் முள்ளும் சரி. நகத்தில் வைத்து இழுத்தான். குத்தி நின்றது. முள்ளில் எந்தக் குறையும் இல்லை. குறை இருந்திருந்தால் அவன் அதைத் தன்மேல் போட்டுக்கொண்டிருப்பான்.

"முள்ளு சரியில்ல," என்றான்.

"பொய் சொல்லாதே," என்றாள் பாலெட். "கொடு, இறக்கு."

"பாலெட், அடுத்ததையும் நீயே எடேன். கஸ், என்ன சொல்றே?"

"எனக்கென்ன, எடுக்கட்டும்," என்றான் கஸ் அவசரமாக.

"என் முறை முடிஞ்சுபோச்சு," என்றாள் அவள். "அடுத்தது ரூடி. அப்புறம் நீ. என்னைப் பச்சைக் குழந்தையா ஆக்காதீங்கடா."

பதினைந்து நிமிஷத்தில் வலது பக்கப் பலகை பின்வாங்கியது. ரூடி அசையாமல் நின்றான். கோல் தாங்கியில் வளைந்து வளைந்து ஆடியது.

"எடு," என்றாள் பாலெட். "உன்னோடது."

எடுத்தான். கனமான மீன். சுற்றினால் வந்தது. அவன் உடம்பு முப்பது வருஷமாகச் செய்கிற வேலை, கேட்காமலே செய்தது. பாதி வழியில் அவன் சுற்றுவதை நிறுத்தினான். கோலின் நுனியைத் தாழ்த்தினான். நரம்பு தளர்ந்தது. மூன்று மூச்சு, ஐந்து மூச்சு. அவள் கொடுத்ததைவிடப் பெரிய தொய்வு கொடுத்தான். மீன் தலையை உதறியது. அலை வந்து தூக்கியது, சறுக்கியது. போய்விடு என்று மனசுக்குள் கெஞ்சினான்.

போகவில்லை. மறுபடி இழுத்தபோது அதே கனம் அப்படியே இருந்தது.

"என்னடா பண்றே, சுத்து," என்றான் கஸ்.

பாலெட் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அவனுக்கும் தெரிந்தது.

"ஒழுங்காச் சுத்து ரூடி," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "எனக்காக அதை விட்டு என்னை மட்டும் கேவலப்படுத்தாதே."

அவன் சுற்றினான். கஸ் வலையால் அள்ளி உள்ளே போட்டான். பலகைத் தரையில் மீன் படபடவென்று அடித்தது. முள் மேல் உதட்டுத் தோலில் நூலளவு தொற்றிக்கொண்டிருந்தது. ரூடி தொட்டதும் தானாக உதிர்ந்து விழுந்தது.

"எத்தனை அங்குலம்?" என்று கேட்டாள் பாலெட்.

கஸ் அளவுப் பலகையில் வைத்துப் பார்த்தான். "இருபத்தொம்பது."

"நல்ல மீன்," என்றாள். இடது கையால் மீனின் முதுகை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். பிறகு நாற்காலியைத் திருப்பி, ஒரு கையை மடியிலிருந்த இன்னொரு கையின்மேல் வைத்துக்கொண்டு, கரை இருக்கிற திசையைப் பார்த்து உட்கார்ந்தாள். "நீங்க ரெண்டு பேரும் பிடிங்க. எனக்கு அவசரம் இல்ல."

இன்னும் மத்தியானம்கூட ஆகவில்லை. அன்றைக்கு மீன் விடாமல் கடித்தது. கஸ்ஸின் முறை வந்தது, அவன் எடுத்தான். அதன் பிறகு மறுபடி பாலெட்டின் முறை வந்தது. ஒரு பலகை பின்வாங்கியது. ரூடி அவளைப் பார்த்தான். அவள் திரும்பவில்லை.

"பாலெட்," என்றான்.

"தாண்டிப் போங்க," என்றாள் அவள்.

கோல் தாங்கியில் ஆடிக்கொண்டே இருந்தது. அவள் தாண்டச் சொன்னாலும் முறை அவளுடையதுதான்; சட்டப்படி அதைத் தொட அந்தப் படகில் வேறு யாரும் இல்லை. கஸ் இன்ஜின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். ரூடி இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு, அது ஆடி ஓய்கிறவரை அதன் பக்கத்தில் நின்றான்.