பழுது என்று எழுதிய கதவு

கண்ணாடிக் கடையில் அவளுக்கு முழங்கை அக்கா என்று பெயர். கதவைத் தள்ளுவது முழங்கையால், விளக்கைப் போடுவது முழங்கையால், லிஃப்டின் பொத்தானை அமுக்குவதும் முழங்கையால். யாராவது கை நீட்டினால் அதற்கும் முழங்கைதான் பதில். பொருத்தமில்லாத பெயர் என்று சொல்லிவிட முடியாது என்பதை அவளே ஒத்துக்கொள்வாள்.

கடையின் பின்னறையில் லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவது அவள் வேலை. அந்த மேஜையில் அழுக்கின் மேல் அவளுக்கிருந்த பயம் ஒரு பெரிய தகுதி. ஒரு தூசியோ ஒரு விரல்ரேகையோ மிச்சமிருந்தால் லென்ஸ் வெளியே போகாது. ஆனால் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துப் பழகிய கண் கடையோடு நிற்குமா? பஸ் கம்பியிலும் பக்கத்து வீட்டுக் குழந்தையின் கன்னத்திலும் அதற்கு ரேகைகள் தெரிந்தன. மற்றவர்கள் உலகத்தைப் பார்த்தார்கள். அவள் உலகத்தைத் தொட்டவர்களைப் பார்த்தாள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்தவர் ஒரு பிளம்பர். விதிக்குச் சிரிப்பு வந்தால் இப்படித்தான் சிரிக்கும். ஊரிலுள்ள கழிப்பறைகளில் பாதி அவர் கை வைத்தவை. மாலையில் வந்ததும் வாசல் குழாயடியிலேயே தேய்த்துக் குளித்து, உடை மாற்றிய பிறகுதான் அவருக்கு வீட்டுக்குள் அனுமதி. அவர் அதற்காக ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆபரேஷன் செய்கிற டாக்டர்கூட முழங்கை வரைக்கும்தான் கழுவுகிறார், எனக்கு அதைவிட மரியாதை என்று பெருமையடித்துக்கொள்வார்.

அந்த வீட்டில் கட்டிப்பிடிக்கிற வழக்கம் கிடையாது. மகள் பள்ளிக்குக் கிளம்பும்போது அம்மாவும் மகளும் முழங்கையோடு முழங்கை இடித்துக்கொள்வார்கள். பாசத்தில் குறைவில்லை. பரப்பளவில்தான் குறைவு.

எல்லாவற்றையும்விட அவளை உலுக்கியது பொதுக் கழிப்பறை. வீட்டை விட்டுக் கிளம்பினால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். கடையில் மதியம் வரை தாக்குப்பிடித்து, சாப்பாட்டு வேளையில் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வருவாள். என் மருமகளைப்போல அடக்கமான பெண் உண்டா என்று மாமியார் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எதை அடக்குகிறாள் என்பது அவருக்குத் தெரியாது.

எனவே அவள் போய்வரக்கூடிய தூரம் மிகவும் சின்னது. மகளோ தூரங்களுக்கென்றே பிறந்தவள். மைதானத்தைப் பலமுறை சுற்றும் நீண்ட ஓட்டம் அவளுடையது. போட்டிகள் எல்லாம் வெளியூரில், நாள் முழுக்க. ஒவ்வொரு முறையும் அப்பா போனார், அம்மா போகவில்லை. கடைசி வளைவில் கால் சோர்ந்துபோகும், அப்போது காதுதான் ஓடும் என்று பயிற்சியாளர் அடிக்கடி சொல்வாராம். அதனால் மற்றப் பெண்களின் அம்மாக்கள் எல்லாம் அந்த வளைவில் போய் நின்று தொண்டை கிழியக் கத்துவார்கள். இவளுக்கு அப்பாவின் குரல்தான். அதுவும் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல வரும்.

ஒருநாள் மகள் தோழியோடு போனில் பேசியது அவள் காதில் விழுந்தது. "எங்கம்மாவுக்கு முதுகுவலி. ரொம்ப நேரம் உட்கார முடியாது." பொய் சொல்லத் தெரியாத பெண். இதை மட்டும் தடுமாறாமல் சொன்னாள். எத்தனை முறை சொல்லியிருந்தால் இவ்வளவு சரளம் வந்திருக்கும் என்று நினைத்ததும் முழங்கை அக்காவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அடுத்த போட்டி பெரியது. முதல் மூவருக்குள் வந்தால்தான் அதற்கடுத்த கட்டம். நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அங்கே நாள் முழுக்க எப்படி அடக்குவது என்று யோசித்தாள்.

அப்போதுதான் பிளம்பர் தன் வாழ்நாளின் மிகப் பெரிய காதல் காரியத்தைச் செய்தார். போட்டி நடக்கவிருந்த வெளியூர் மைதானத்தின் குழாய்களைச் சரிசெய்யும் வேலை அவருக்குத்தான் வந்திருந்தது. பெண்கள் பகுதியில் நான்கு கழிப்பறைகள். கடைசி அறையில் புது ஃப்ளஷ், புதுத் தாழ்ப்பாள் போட்டார். மண்டியிட்டுத் தரையைத் தேய்த்தார். லென்ஸ் மாதிரி ஆக்கிவிட்டேன் என்றார். பிறகு வெளியே தன் சொந்தப் பூட்டைப் போட்டு, ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் 'பழுது' என்று எழுதித் தொங்கவிட்டுச் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தார். வைப்பதற்கு முன் சாவியைக் கழுவியிருந்தார். சிலர் மனைவிக்கு மாளிகை கட்டுகிறார்கள். அவரால் முடிந்தது இது.

போட்டி நாளன்று அவள் ராணியாகப் போனாள். சாவி இருக்கும் தைரியத்தில் வழியெல்லாம் தண்ணீர் குடித்தாள். மைதானத்தில் ஒரு தேநீர், அது நன்றாக இருந்ததால் இன்னொன்று. கையுறை, கிருமிநாசினித் தெளிப்பான், காகிதக் கைக்குட்டைகள் நிறைந்த பெரிய பையைக் கணவரிடமே விட்டுவிட்டு, மகளின் ஓட்டம் தொடங்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது சாவியோடு எழுந்தாள். போய்விட்டு நேரே கடைசி வளைவில் நின்றுகொள்வதாகத் திட்டம்.

பெண்கள் பகுதியின் வாசலில் அவள் நின்றுவிட்டாள். உள்ளே மார்பில் எண் குத்திய பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஓடப்போகிற பயத்தில் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் வந்திருந்தது. ஒருத்தி ஒற்றைக்காலில் நின்றாள், ஒருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். திறந்திருந்தது மூன்றே மூன்று அறைகள். குழாய்களை எண்ணத் தெரிந்த பிளம்பருக்குத் தலைகளை எண்ணத் தோன்றவில்லை. வரிசையின் பின்பகுதியில், முகம் வெளிறிப்போய், அவள் மகள்.

"இந்தப் பழுது போர்டை மாட்டினவன் மட்டும் கையில கிடைச்சான்" என்று ஒற்றைக்கால் பெண் பல்லைக் கடித்தாள். அவன் இதோ மேலே பார்வையாளர் படிகளில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருக்கிறான் என்று சொல்லவா முடியும். ஒலிபெருக்கி அந்த ஓட்டத்துக்கான பெண்களை முதல்முறை கூப்பிட்டது.

மகளை மட்டும் கையசைத்துக் கூப்பிட்டு, உள்ளே விட்டு, மறுபடி பூட்டிவிடலாம். யாரும் கேட்கப்போவதில்லை. அந்த யோசனை வந்தது என்பதை மறைப்பானேன். ஆனால் குதித்துக்கொண்டிருந்த அந்தப் பெண்களின் முகங்களையும் அவள் பார்த்துவிட்டாள். முகத்தைப் பார்த்த பிறகு பூட்டுவது கஷ்டம்.

நேரே போய்ப் பூட்டைத் திறந்தாள். அட்டையைக் கழற்றிச் சுவரோரம் வைத்தாள். மகள் சாவியைப் பார்த்தாள், அட்டையில் இருந்த அப்பாவின் கோணல் எழுத்தைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"இது உனக்குத்தாம்மா. நீ முதல்ல போ."

"நான் என்ன ஓடப் போறேனா? போடி உள்ள."

மகள் போய்வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒற்றைக்கால் பெண், சுவர்க்காரப் பெண், இன்னும் யார் யாரோ. மைதானத்து மண்ணோடு காலணிகள் அந்தப் பளிங்குத் தரையில் ஏறி இறங்கின. ஒவ்வொரு தடமும் அவள் நெஞ்சில் விழுந்தது. கடைசி அழைப்பு வந்ததும் பெண்கள் பறந்தார்கள். அறை காலி. நான்கு கதவுகளும் ஆவென்று திறந்து கிடந்தன. இனி நான்கும் ஒன்றுதான்.

குடித்த தண்ணீரும் இரண்டு தேநீரும் இப்போது தத்தம் பங்கைக் கேட்டன. இதற்கு முன் எத்தனையோ முறை அடக்கியிருக்கிறாள். ஆனால் இன்று செய்ய வந்த வேலை கத்துவது. அடக்கிக்கொண்டு உட்காரலாம், நடக்கலாம், லென்ஸ்கூடப் பொருத்தலாம். அடிவயிற்றிலிருந்து கத்த மட்டும் முடியாது. கத்தினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கத்தாமல் திரும்பினால், மகள் இனிமேலும் அந்த முதுகுவலியைத் தோழிகளிடம் சரளமாகச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

வெளியே வெடிச்சத்தம் கேட்டது. ஓட்டம் தொடங்கிவிட்டது. பை மேலே கணவரிடம்.

ஆபத்துக்குப் பாவமில்லை என்று கிட்டத்தில் இருந்த கதவுக்குள் நுழைந்தாள். அது பழுது எழுதிய கதவா, வேறு கதவா என்றுகூடப் பார்க்கவில்லை. தாழ்ப்பாள் சின்னது, முழங்கைக்கு அடங்காது. ஆள்காட்டி விரலை நீட்டினாள். விரல் பின்வாங்கியது. மறுபடி நீட்டினாள். ஈரமாக, சில்லென்று இருந்தது தாழ்ப்பாள். எத்தனையோ பேரின் ரேகைகளின் மேல் தன் ரேகையும் பதிந்ததை அவள் உணர்ந்தாள். வானம் இடிந்து விழும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். விழுந்தது வேறு. அந்த நிம்மதியைப் பற்றி விவரிப்பது நாகரிகமில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் விட்ட பெருமூச்சுகளிலேயே அதுதான் நீளமானது என்று மட்டும் சொல்லலாம்.

வழக்கமாக மூன்று தடவை கை கழுவுகிறவள், ஒரே தடவை கழுவினாள். துடைக்க ஒன்றுமில்லை. உடையிலேயே துடைத்துக்கொண்டு ஓடினாள். வளைவில் மற்ற அம்மாக்கள் வரிசையாக நின்றார்கள். இடித்துப் புகுந்து, துருப்பிடித்த கம்பியை இரண்டு கையாலும் பற்றினாள்.

கடைசிச் சுற்று. மகள் ஐந்தாவதாக, தோள்கள் தொங்கி வந்துகொண்டிருந்தாள். முழங்கை அக்கா மூச்சை இழுத்தாள். உள்ளே தடையேதும் இல்லை, முழுசாக இறங்கியது.

"ஓடுடி என் தங்கம்! அம்மா வந்திருக்கேன், ஓடு!"

அந்தக் குரல் கம்பியை அதிரவைத்தது. பக்கத்திலிருந்த அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். மேலே பிளம்பரின் கையிலிருந்த கடலைப் பொட்டலம் நழுவியது. மகள் தலையைத் திருப்பவில்லை. தோள்கள் மட்டும் நிமிர்ந்தன. வளைவிலேயே ஒருத்தியைத் தாண்டினாள், நேர்க்கோட்டில் இன்னொருத்தியை. எல்லைக்கோட்டில் மூச்சிரைக்க இன்னும் ஒருத்தியையும் தாண்டி இரண்டாவதாக விழுந்தாள். முதலாவதாக வந்தவள் அந்த ஒற்றைக்கால் பெண். அவளுக்கும் சேர்த்துத்தான் முழங்கை அக்கா கத்திக்கொண்டிருந்தாள். நம் கதவு வழியாகப் போன பெண்தானே.

மண்ணும் வியர்வையுமாக மகள் வந்தாள். கிட்டத்தில் வந்ததும் பழக்கதோஷத்தில் நின்று, முழங்கையை நீட்டினாள். அம்மா அந்த முழங்கையைத் தள்ளிவிட்டு, ஒட்டியிருந்த மண்ணோடு அந்த முகத்தை இரண்டு கையிலும் ஏந்தினாள். அப்புறம் இழுத்து அணைத்துக்கொண்டாள். வியர்வை அவள் கழுத்தில் வழிந்தது.

"அம்மா, நான் அழுக்கு" என்றாள் மகள்.

"நானும்தான்" என்றாள் அம்மா. "கை ஒருதரம்தான் கழுவினேன்."

திரும்பும் பஸ்ஸில் பிளம்பர் வருத்தப்பட்டுக்கொண்டே வந்தார். அடுத்த கட்டம் இன்னும் தூரத்து ஊரில், அந்த மைதானத்தின் வேலை தனக்குக் கிடைக்காதே என்பது அவர் கவலை. அவள் மகளின் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கினாள். மகள் வாய் வைத்துக் குடித்த பாட்டில். அதன் வாயைத் துடைக்காமல் அப்படியே உயர்த்தி, கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

பிளம்பர் பதறிப்போனார். "ஏய், வீடு போய்ச் சேர ரொம்ப நேரம் ஆகும்."

"ஆகட்டுமே" என்று அவள் சாய்ந்து உட்கார்ந்தாள். "வழியில எங்கயாவது நிறுத்தாமலா போயிடுவாங்க?"