பின் சந்தில் நின்றுபோகும் பாட்டு

எட்டு மாதத்துக்கு முன்னால் யாராவது வந்து, நீங்கள் ஒருநாள் இயர்போன் கடையில் ஸ்டூல் போட்டு உட்காரப் போகிறீர்கள் என்று சீனிவாசராகவனிடம் சொல்லியிருந்தால், அந்த ஆளை அவர் கேட்டுக்கு வெளியே விரட்டியிருப்பார். காதில் அதை மாட்டிக்கொண்டு சாலையைக் கடந்ததால்தான் தன் மகள் ஸ்வர்ணாவுக்கு லாரியின் ஹாரன் கேட்கவில்லை என்பது அவர் தீர்ப்பு. அதற்கு மேல்முறையீடு கிடையாது. எலெக்ட்ரானிக் சிட்டியில், அவள் ஆபீசுக்கு எதிரேயே நடந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு கவரைக் கொடுத்தாள். அதில் ஒரு வளையல், கைக்கடிகாரம், இயர்பட் வைக்கிற சின்ன வெள்ளை டப்பா, ஒற்றை இயர்பட். மற்றது எங்கே விழுந்ததோ. அந்தச் சனியனைக் குப்பையில் போடு, இனிமேல் அது என் கண்ணில் படக்கூடாது என்று மனைவி ராஜலக்ஷ்மியைப் பார்த்துக் கத்தினார். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மறுநாள் கேட்டபோது, போட்டாச்சு என்றாள் ராஜலக்ஷ்மி. பேச்சு அதோடு முடிந்தது.

மகளின் போனை மட்டும் மனிதர் விடவில்லை. அதில் அவள் சேர்த்து வைத்த நானூற்றுச் சொச்சம் பாட்டு இருந்தது. பதின்மூன்றாம் நாள் சுபச் சடங்கு முடிந்ததும், துணிமணி, புத்தகம், செருப்பு என்று அவளுடையதை எல்லாம் பட்டியல் போட்டு யார் யாருக்கோ கொடுத்துவிட்டார். பொதுப்பணித் துறையில் முப்பத்துநான்கு வருஷம் இன்ஜினியராக இருந்தவர், துக்கத்தைக்கூட கோப்பு முடிக்கிற மாதிரி முடிக்கப் பார்த்தார். போன் மட்டும் பட்டியலில் ஏறவில்லை. காலை ஐந்தரைக்கு அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பாட்டை உரக்க ஓடவிட்டு, ஜெயநகரில் தன் வீடு இருக்கும் வரிசையையே பத்து சுற்று சுற்றுவார். பார்க்குக்குப் போனால் தெரிந்தவர்கள் விசாரிப்பார்கள். அது அவருக்கு ஆகாது.

இதில்தான் அந்தத் தொந்தரவு வந்தது. வீட்டுக்குப் பின்னால் ஒரு கன்சர்வன்சி சந்து உண்டு. ஒரு காலத்தில் குப்பை வண்டி போவதற்காக விட்ட இடம், இப்போது பூனைகள்தான் போகின்றன. சுற்றி வந்து அந்தச் சந்தில் கால் வைத்துக் கொஞ்ச தூரம் போனதும் பாட்டு அடங்கிவிடும். சந்தைத் தாண்டியபின் மறுபடி அவரே தட்டினால்தான் ஓடும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, தினமும். பத்து சுற்றில் எட்டு சுற்றாவது நின்றது. சர்வீஸ் சென்டர்காரன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றான்.

ஒரு இன்ஜினியர் நினைக்கக் கூடாததை அவர் நினைக்க ஆரம்பித்தார். அந்தச் சந்து ஸ்வர்ணாவுடையது. இவ்வளவு நேரம் எங்கே போனாய் என்று முன் வாசலில் அப்பா கேட்பாரென்று, ஸ்கூட்டரைச் சந்தில் நிறுத்திவிட்டுப் பின்பக்கத் தகரக் கதவு வழியாகத்தான் உள்ளே வருவாள். இப்போது பாட்டு அங்கே நிற்கிறது. என் பாட்டை நீ ஏன் கேட்கிறாய் அப்பா என்று அவளே வந்து நிறுத்துகிறாளா? அந்த இடம் வரும்போதெல்லாம் கை மயிர் சிலிர்த்தது, கால் தானாக மெதுவானது. பயந்தார். உண்மையைச் சொன்னால், அது அவளாகவே இருக்கட்டும் என்று ஏங்கவும் செய்தார்.

ஆனாலும் பழக்கம் விடுமா? சோதித்துப் பார்க்க வேண்டும். பாட்டு காதுக்குள்ளேயே ஓடினால் அப்போதும் நிற்கிறதா என்று பார்த்துவிடலாம். அப்படித்தான் அவர் அந்தக் கடைக்கு வந்து சேர்ந்தார்.

கடைக்காரர் பெயர் ரயான். ரிச்சர்ட்ஸ் டவுன் பகுதியைச் சேர்ந்தவர், ஐம்பதை நெருங்குகிறவர், நிதானமான மனிதர். நடக்கிறதுக்கா என்று கேட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். வெளிச் சத்தத்தை முழுக்க அடைக்கிற வகை ரோட்டில் வேண்டாம் என்றார். சீனிவாசராகவன் அதைத் தன் கையாலேயே ஓரமாகத் தள்ளி வைத்தார். வயர் வைத்தது கைவீச்சில் மாட்டி இழுக்கும், வயர் இல்லாததே சரி என்றார் ரயான். ரப்பர் முனை மூன்று அளவில் வரும், சின்னது வழுக்கும், பெரியது வலிக்கும், போட்டுக்கொண்டு நாலு அடி நடந்து பாருங்கள் என்றார். சீனிவாசராகவன் நடு அளவைப் போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே நடந்தார். தன் மூச்சே தனக்குக் கேட்டது.

அதை இணைப்பதற்காகப் போனை வாங்கிப் பார்த்த ரயான், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். ஸ்வர்ணாவின் பழைய இயர்பட்டுக்கு உரிய ஆப் அதில் அப்படியே இருந்தது.

"சார், பழசு ஒண்ணு இதுல இன்னும் ஓடிட்டிருக்கே. ஒத்தைப் பீஸ்தான் காட்டுது. இன்னிக்குக் காலைல ஆறு மணிக்குக்கூட கனெக்ட் ஆயிருக்கு. சார்ஜ் எம்பது பர்சென்ட்."

அது இல்லை, தூக்கிப் போட்டாச்சு, எட்டு மாசம் ஆச்சு என்றார் இவர். ரயான் தலையை ஆட்டினார். எட்டு மாசம் குப்பையில் கிடந்தால் சார்ஜ் நிற்காது, யாரோ தினமும் டப்பாவில் வைத்து சார்ஜ் போடுகிறார்கள் என்றார். சந்தில் பாட்டு நிற்கிற கதையை அப்போதுதான் இவர் வாய்விட்டுச் சொன்னார். வேறு யாரிடமும் சொன்னதில்லை.

"பாட்டு நிக்கல சார். நீங்க கிட்டப் போனதும் அது வேற காதுக்குப் போயிடுது. தள்ளிப் போனதும் அறுந்துடுது. அவ்ளோதான். பழசை இதுலேர்ந்து அழிச்சுட்டா பிரச்சனை முடிஞ்சுது, அழிச்சுடட்டா?"

சீனிவாசராகவன் போனைப் பிடுங்கிக்கொண்டார். "வேண்டாம். அதைத் தொடாதீங்க."

புதியதை மேஜை மேலேயே வைத்துவிட்டு வெளியே வந்தார். வேற காது. அந்த இரண்டு வார்த்தை வீடு வரைக்கும் கூடவே வந்தது. குப்பை பொறுக்குகிறவர் யாராவது எடுத்து விற்றிருக்கலாம். பின் வீட்டு வாட்ச்மேன் வாங்கியிருக்கலாம். தன் பெண்ணின் காதில் கடைசியாக இருந்தது எவன் காதிலோ இருக்கிறது என்று நினைத்தபோது கோபத்தில் நடை வேகமெடுத்தது. மனுஷக் காதே இல்லையென்றால் என்ற நினைப்பு அதற்கும் கீழே கிடந்து நெளிந்தது. ராஜலக்ஷ்மியிடம் ஒன்றும் சொல்லவில்லை. எட்டு மாதமாக அந்த வீட்டில் காபி, மருந்து, கரண்ட் பில் தவிர யாரும் எதுவும் சொல்வதில்லை.

மறுநாள் காலை சாக்பீஸோடு கிளம்பினார். தரையில் ஒரு விளக்குக் கம்பம் எங்கே நட வேண்டும் என்று தேடுகிற மாதிரிதான் வேலையைத் தொடங்கினார். சந்தில் பாட்டு அடங்கின இடத்தில் மதிலில் ஒரு கோடு. பிறகு போனைக் கையில் பிடித்தபடி நடந்தார். சத்தம் வரவில்லையே தவிர, திரையில் பாட்டு ஓடிக்கொண்டேதான் இருந்தது. அது நின்ற இடத்தில் இன்னொரு கோடு. மூன்று சுற்றிலும் கோடுகள் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்தன. இரண்டுக்கும் நடுவே அடி வைத்து அளந்தார், முப்பத்தெட்டு. போனின் சிக்னல் இரண்டு பக்கமும் ஒரே தூரம்தான் எட்டும், ஆக அந்தக் காது நட்டநடுவில் இருக்க வேண்டும். பாட்டை மறுபடி தட்டிவிட்டுத் திரும்பி வந்து பத்தொன்பதாவது அடியில் நின்று நிமிர்ந்தார்.

அவர் வீட்டுத் தகரக் கதவு.

வாட்ச்மேன் இல்லை, குப்பை பொறுக்குகிறவர் இல்லை. ஸ்வர்ணா வந்து போன அதே கதவு.  கதவில் கை வைக்கத் தைரியம் வரவில்லை. அறுபத்தாறு வயசு மனிதர், விடிந்தும் விடியாத வெளிச்சத்தில், தன் வீட்டுக் கதவுக்கு வெளியே திருடனைப் போல நின்று மெல்லக் கூப்பிட்டார்.

"ஸ்வர்ணா?"

 தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் விரல் அகல இடைவெளி இருந்தது. அதில் கண்ணை வைத்தார்.

துவைக்கிற கல்லின் மேல் ராஜலக்ஷ்மி உட்கார்ந்திருந்தாள். வலது காதில் அந்த ஒற்றை இயர்பட். இடது காதை உள்ளங்கையால் அழுத்தி மூடியிருந்தாள். மடியில், புடவைத் தலைப்பில் பாதி சுற்றி, அந்தச் சின்ன வெள்ளை டப்பா. கண் மூடியிருந்தது. தலை மட்டும் லேசாக ஆடியது.

இந்த நேரத்தில் அவள் வீட்டுப் பெருமாள் சன்னிதி முன்னால் உட்கார்ந்திருப்பதாகத்தான் அவர் எட்டு மாதமாக நம்பிக்கொண்டிருந்தார். முன் கேட் சத்தம் கேட்டதும் இங்கே வந்திருக்கிறாள். ஒவ்வொரு சுற்றுக்கும் இவர் சந்தைக் கடக்கிற அரை நிமிஷம், மகளின் பாட்டில் ஒரு துண்டு. அறுந்ததும் டப்பாவில் வைத்து எடுத்து, அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பாள். போனைக் கொடுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். எப்படிக் கேட்பாள்? கேட்டால் குப்பையில் போட்டதாகச் சொன்ன பொய் தெரிந்துவிடும். ஆஸ்பத்திரி வராந்தாவில் கத்தின குரல் அவள் வாயை எட்டு மாதம் கட்டிப் போட்டிருக்கிறது. பேயைத் தேடி வந்தவருக்கு, தான்தான் அந்த வீட்டில் பேயாக உலவிக்கொண்டிருந்தோம் என்று பட்டது. 

பாட்டு எப்போதும் அறுகிற நேரம் தாண்டியும் அறுபடாததை ராஜலக்ஷ்மி உணர்ந்திருக்க வேண்டும். கண்ணைத் திறந்தாள். தகரக் கதவின் அடியில் அவருடைய ஷூவைப் பார்த்தாள். கை சட்டென்று காதுக்குப் போனது.

"எடுக்காதே, ராஜி."

கை பாதியில் நின்றது. அவர் உள்ளே வரலாமா, என்ன சொல்லலாம் என்று தெரியாமல் கதவைத் தள்ளப் போனார். அவள் அவசரமாக மறு கையை உயர்த்தித் தடுத்தாள்.

"நகராதீங்கோ. நீங்க நகர்ந்தா அது போயிடறது." இயர்பட்டை விரலால் அழுத்திக்கொண்டாள். "இத்தனை நாள்ல ஒரு பாட்டுகூட முடிவு வரைக்கும் நான் கேட்டதில்லை."

அவர் நகரவில்லை. ஒரு சத்தமும் போடாத போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கதவுக்கு வெளியே நின்றார். வெயில் ஏறியது. பால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, ஏன் சார் இங்கே நிக்கறீங்க என்று கேட்டார். வாயில் விரல் வைத்து, சும்மா போகச் சொன்னார்.